இரண்டு புள்ளிக்காரர்

இரண்டு புள்ளிக்காரர் என்றொரு இனம் உண்டு. சட்டைப் பையில் ஒரு ஸ்கேல் இருக்கும். இல்லாவிட்டால் மனத்தில் இருக்கும். இரண்டு புள்ளி கிடைத்தால் போதும், அவற்றை இணைத்துக் கோட்டை நீட்டிக்கொண்டே போவார். செடி வாரத்துக்கு ஒன்றாக இரண்டு இலை விட்டால் வருடக் கடைசியில் ஐம்பத்திரண்டு என்று எழுதிவைப்பார், மாமியார் இரண்டு நாள் சிரித்துப் பேசினால் ஆயுசுக்கும் சிரிப்பார் என்று நம்புவார், ஒரு கரண்டி சர்க்கரையில் நன்றாக இருந்த காபி இரண்டு கரண்டியில் இன்னும் நன்றாக இருந்தால் பத்தாவது கரண்டிக்குக் கை நீட்டுவார். மூன்றாவது புள்ளியா? அது ஆடம்பரம்.

என் தங்கை கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியின் மேலாளர் இந்த இனத்தில் முதல் தரம். அங்கே நீரூற்றுக்குக் குழாய் போட்டவன் நான். தங்கைக்குத் தற்காலிக வேலை. ஊற்றைத் திறக்கத் தாளாளர் வரும் அன்றே அவளை நிரந்தரமாக்கும் தாளிலும் கையெழுத்திடுவார். அதை அவர் முன் நீட்டுவதும் நீட்டாததும் மேலாளர் கையில்.

திறப்புக்கு முதல் நாள் தண்ணீரைத் திறந்து, குழாய் முனையிலிருந்து ஒவ்வோர் அடி தள்ளியும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அளந்து, மேலாளருக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணாவது அடியில அஞ்சடி உயரம் சார். ரெண்டாவதுல எட்டு. மூணாவதுல..."

"போதும்பா. அடிக்கு மூணு ஏறுது. மிச்சத்தை நான் போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டார். ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டினார். ஆறாவது அடியில் தண்ணீர் இருபதடி உயரத்தில் பறந்தது. காகிதத்தில்தான். அதன் கீழே தாளாளருக்கு நாற்காலி. போட்டோவுக்கு அழகாக இருக்குமாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அளவெடுத்தால் பாதியில் விடமாட்டேன். எல்லாவற்றையும் தங்கையிடம் கொடுத்தேன். முனையின் பூஜ்யத்தையும் சேர்த்து ஏழு புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்துக் கையாலேயே இணைத்தாள். ஐந்து, எட்டு, ஒன்பது. அப்புறம் எட்டு, ஐந்து. ஆறாவது அடியில் பூஜ்யம். மேலாளரிடம் கொண்டுபோனாள்.

"இது நேர்கோடு இல்ல சார். மூணாவது அடியில உச்சிக்குப் போய்த் திரும்பிடுது. சரியா நாற்காலியிலதான் விழும்."

"என்னம்மா, கோடு இப்படி வளையுது? கை நடுங்குதா? நேரா ஒரு கோடு போடத் தெரியாதவங்களை நான் எப்படி நிரந்தரமாக்கச் சொல்றது?"

மறுநாள் தாளாளர் வரப் பத்து நிமிடம் இருந்தது. தங்கை மிகப் பணிவாகப் போய் நின்றாள்.

"போட்டோ எப்படி வருதுன்னு பாத்துடலாம் சார். ஒரு நிமிஷம் நீங்க உக்காருங்களேன். கையெழுத்து ஃபைலை இப்படிக் குடுங்க."

உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். நான் வால்வைத் திறந்தேன்.

ஒன்பதடி ஏறியது. திரும்பியது. சொன்ன இடத்தில் அங்குலம் பிசகாமல் இறங்கியது.

தாளாளர் வந்தபோது நாற்காலி எட்டாவது அடியில் இருந்தது. நாற்காலி ஏன் ஈரம் என்று கேட்டார்; தங்கை தன் தாளைக் காட்டி விளக்கினாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஃபைலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மேலாளர் துண்டோடு ஓரமாக நின்று, குழாய் கோணல் என்று தோட்டக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கையிடம் சொன்னேன்: "தற்காலிகமா சேந்தே. ரெண்டே வருஷத்துல நிரந்தரம். இந்தக் கணக்குல நாலாவது வருஷம் தலைமையாசிரியை, ஆறாவது வருஷம் நீதான் தாளாளர்."

"எத்தனை புள்ளி வெச்சீங்கண்ணா?"

நான் பேச்சை மாற்றினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக்கு இதுவரை இரண்டு குழாய்க்காரர்கள் வந்திருப்பார்கள். இருவருமே சொன்ன நாளில் வந்திருக்க மாட்டார்கள். அதை வைத்து என்னைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்களே, அந்த ஸ்கேலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.