ஏற்புரையும் யானை வாகனமும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு காரியத்துக்கு நாள் குறிப்பதென்றால், அன்றைக்குப் பெருமாளுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமோ, காதுகுத்தோ, வீட்டுக்கு வெள்ளையடிப்பதோ, எதுவானாலும் இதுதான் விதி. சித்திரை வீதியில் தவழும் குழந்தைக்குக்கூட இது தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தெரியும். ஆனால் அப்போது நான் எழுத்தாளராகிவிட்டிருந்தேனே! (தலைக்கனம்னா அப்படி ஒரு தலைக்கனம். நிலைப்படி இடிக்கும்.)

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அது. தெப்பக்குளம் பக்கம் அச்சகம் வைத்திருந்த குமரேசன் துணிந்து போட்டார். வெளியீட்டு விழாவை எங்கள் வீதியிலேயே இருந்த சின்ன மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கேட்டவுடன் கிடைத்தது. அந்தச் சாயங்காலத்துக்கு வேறு யாருமே கேட்கவில்லையாம். ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

அம்மாதான் சொன்னாள். "ஏண்டி, அன்னிக்கு உத்சவம்டி. சாயங்காலம் யானை வாகனம். பெருமாள் நம்ம வீதிக்கு எழுந்தருள்ற நேரத்துல உன் கதையை யாரு கேப்பா?"

"அது ஏழரைக்கு மேலதானேம்மா? நாங்க ஏழுக்கே முடிச்சுடுவோம். இலக்கியக் கூட்டம்னா நேரத்துக்கு நடக்கும்."

(நடக்குமாம்! அதுவரை ஒரு இலக்கியக் கூட்டத்துக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம்.)

இதில் எனக்கு ஒரு கண்டம் இருந்தது. கரூரில் ஒரு வங்கியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. போக மனசே இல்லை. எழுதித்தான் பிழைப்பேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அரசாங்க ஆபீஸில் கிளார்க். வார்த்தைக்கு ரேஷன் வைத்துப் பேசுகிறவர். கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "விழாவுக்கு வரேன். நீ எழுதினதை நாலு பேர் உக்காந்து கேக்கறாளான்னு பாக்கறேன். அப்புறம் சொல்றேன்." ஆகக்கூடி, அன்றைய கூட்டம்தான் என் தலையெழுத்து.

கூட்டம் என்னவோ வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. (கேசரியும் போண்டாவும் உண்டு என்று அம்மா வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.) அப்பா மூன்றாவது வரிசையில், ஆபீஸ் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். வர வேண்டிய சிறப்பு விருந்தினரைத்தான் காணோம். அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். டவுனிலிருந்து கிளம்பியவர் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டார். யானை வாகனம் சேவிக்க ஊரே ஸ்ரீரங்கத்துக்குத் திரண்டு வந்துகொண்டிருந்ததே!

ஒருவழியாக வந்து, வெள்ளித் தட்டில் வைத்த புத்தகத்தை எடுத்து வெளியிட்டு, திரும்பத் தட்டிலேயே வைத்தார். பேச ஆரம்பித்தார். சங்க காலத்தில் தொடங்கினார். ஏழு மணி அடித்தபோது பல்லவர்களிடம்தான் வந்திருந்தார். குமரேசன் துண்டுச்சீட்டு கொடுத்தார். அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார். என் புத்தகத்தின் அட்டைக்கு வந்து சேர்ந்து, "வளர்க" என்று உட்கார்ந்தபோது ஏழரை தாண்டிவிட்டது.

நான் ஏற்புரைக்கு எழுந்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த உரை அது. வெள்ளம் மாதிரி வந்தது. வெளியே எதுவும் என் காதில் விழவில்லை. நன்றி சொல்லும் கட்டத்துக்குச் சற்று முன்னால், குரலை நடுங்கவிட்டு, "நான் எழுதுவதற்காகவே பிறந்தவள்!" என்றேன்.

சபை மொத்தமும் எழுந்து நின்றது.

ஐயோ, அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! கண் கலங்கிவிட்டது. கைகூப்பி, மைக்கில் தழுதழுத்து, "தயவுசெய்து உக்காருங்க, நான் இதுக்கெல்லாம் தகுதியானவ இல்லை" என்று வேறு சொன்னேன். அதை அவர்களும் ஒப்புக்கொண்ட மாதிரி, அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அப்போதுதான் நாகஸ்வரம் கேட்டது. "பெருமாள் வந்தாச்சு, பெருமாள் வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

பேராசிரியர் போர்த்திய பொன்னாடையோடு ஓடினார். மைக் செட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினார். அம்மா இன்னும் மேலே. அவசரத்தில் வேறு தட்டு அகப்படாமல், வெளியீட்டுத் தட்டிலேயே தேங்காய், பழத்தை வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடியில் என் புத்தகம் கிடந்ததைக் கவனிக்கவே இல்லை. அது பெருமாள் முன்னால் போய், தேங்காய்த் தண்ணீர்க் கறையும் துளசியுமாகத் திரும்பி வந்தது. (விமர்சனம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.)

மண்டபத்தில் காலி நாற்காலிகள், ஓடும் ஃபேன்கள், நான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரூருக்கு எந்த பஸ்ஸில் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். காய்ச்சலில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று சேவிக்கிறவர். ஒரு புறப்பாட்டை அவர் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை.

"அப்பா, பெருமாள்..."

"தெரியும். நீ பேசு."

மைக் இல்லாமல் அவருக்கு மட்டும் மீதியைப் பேசினேன். குமரேசனுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி என்று ஒன்றையும் விடவில்லை. வாசலில் மேளச்சத்தம் நெருங்கி, எங்களைக் கடந்து போயிற்று. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும், "கரூருக்கு வரலைன்னு சொல்லிடு" என்றார்.

அம்மா மூச்சிரைக்க வந்தாள். "ஏன்னா, சேவிக்க வரலையா நீங்க?"

"கால் மரத்துப் போச்சு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு எழுந்து, டிபன் பந்திக்கு விறுவிறுவென்று நடந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு பேச்சு. அம்மாவுக்குக் கடைசித் துண்டு மைசூர்பாகை வைத்துவிட்டு யாராவது "வேண்டாம், இனிப்பு திகட்டறது" என்றால், "கால் மரத்துப் போச்சாக்கும்?" என்போம். நான் புத்தகங்கள் பல போட்டுவிட்டேன். எழுத்து எனக்குச் சோறும் போட்டுவிட்டது. ஆனாலும் மேடையில் சபை எழுந்து நின்றால், அது தமிழ்த்தாய் வாழ்த்தாகவே இருந்தாலும், என் கண் தானாக வாசல் பக்கம் போகும்.

இந்த வருஷ உத்சவத்தில் அப்பாவால் வாசல் வரை நடக்க முடியவில்லை. முழங்கால் நிஜமாகவே போய்விட்டது. நாகஸ்வரம் கேட்டதும் கட்டிலிலிருந்தே கைகூப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீ போய்ச் சேவிச்சுட்டு வாயேன்" என்றார்.

"கால் மரத்துப் போச்சுப்பா" என்றேன்.

பல்செட் இல்லாத வாயால் அப்பா சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலிலிருந்து அம்மா கத்தினாள்: "அப்பாவும் பொண்ணும் நன்னா வந்து சேர்ந்தேள்! ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே சேவிச்சுக்கறேன்!"