ஒன்பதாம் வகுப்பு கிராம சபை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்காம மார்க் போடணும்.

சங்கரன்கோவில்ல ஒரு ஸ்கூல்ல சோசியல் வாத்தியார் நான். "கல்வி ஆபீஸ்லேர்ந்து பார்வையிட ஒரு மேடம் வாராங்க. மனப்பாடப் பரீட்சையக் காட்டி மானத்த வாங்காதீரும். புதுசா எதையாவது பண்ணும் வே"ன்னுட்டார் ஹெச்.எம்.

நடந்துக்கிட்டு இருந்தது உள்ளாட்சிப் பாடம். வகுப்புலயே கிராம சபை நடத்தி, பிள்ளைக பேசுறத வச்சு மார்க் போடலாம்னு தோணுச்சு. என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன்!

"ஏலே, புக்குல உள்ளத ஒப்பிக்கக் கூடாது. நெசமான பிரச்சனையா இருக்கணும். தைரியமாக் கேட்டா அஞ்சு மார்க்!"

இதப் போர்டுல வேற எழுதிப் போட்டேன். வினைய நானே சாக்பீஸால எழுதியிருக்கேன் பாருங்க!

மேடம் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. பக்கத்துல ஹெச்.எம். முகமெல்லாம் சிரிப்பு.

வகுப்பு லீடர் கருப்பசாமிதான் சபைத் தலைவர். ஒருத்தன் தெருவிளக்கு கேட்டான். இன்னொருத்தன் குருவிகுளத்துக்கு பஸ் கேட்டான். மேடம் தலையாட்டுனாங்க. ஹெச்.எம். என்னப் பாத்துக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனார்.

அப்பதான் முத்துமாரி எந்திரிச்சா. கரிவலத்துலேர்ந்து வாற பிள்ளை. வகுப்புல வாயே தொறக்காது.

"தலைவரே, நம்ம ஸ்கூல்ல பொம்பளப்பிள்ளைக பாத்ரூம்ல தண்ணியே வரல. அங்கன போக பயந்துக்கிட்டு, தாகம் எடுத்தாலும் நாங்க தண்ணி குடிக்கிறதில்ல."

ஹெச்.எம். முகத்துல சிரிப்பக் காணோம்.

நான் பாஞ்சு போய், "ஏட்டி, ஊர்ப் பிரச்சனையச் சொல்லு!"ன்னேன்.

"நெசமான பிரச்சனைன்னு நீங்கதான சார் சொன்னீய?"

மேடம், "குறுக்க பேசாதீங்க சார், மதிப்பீடு கெட்டுப்போகும்"னாங்க.

கருப்பசாமிக்கு வேகம் வந்துட்டு. "நாளைக்கே தண்ணி வரணும்! எல்லாரும் கையத் தூக்குங்கலே!"

தூக்காதது மேடமும் ஹெச்.எம்.மும் நானும்தான்.

அதோட விட்டானா? "அடுத்த தீர்மானம். சோசியல் சார் கைடைப் பாத்து வாசிக்காரு. அத நிறுத்தணும்!"

இதுக்கு மேடமும் கையத் தூக்கிட்டாங்க!

கடைசில என்னப் பாத்து, "அந்தப் பொண்ணுக்கு எத்தனை மார்க் சார்?"னு கேட்டாங்க.

இந்தப் பக்கம் ஹெச்.எம். முறைக்கார். அந்தப் பக்கம் முத்துமாரி என்னையே பாக்கா.

"அஞ்சுக்கு அஞ்சு மேடம்."

மறுநாள் பெல் அடிக்குமுன்னே பிளம்பர் வந்துட்டார். "சார், தண்ணி வருது!"ன்னு பிள்ளைக முகமெல்லாம் ஈரமா ஓடி வந்துச்சுக. எனக்கும் கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துச்சு.

மத்தியானம் ஹெச்.எம். கூப்பிட்டார்.

"இனி எழுத்துப் பரீட்சையே வையும்."

"ஏன் சார்? மேடம் அவ்வளவு பாராட்டுனாங்களே!"

"விடைத்தாள் எந்திரிச்சு நின்னு பேசாது வே!"