சொட்டு மேஸ்திரியின் ஒரே தப்பு

அறுபதுகளில் திருப்பூரில் சாமிக்குப் பயப்படாதவர்கள்கூட இருந்திருக்கலாம். சொட்டு மேஸ்திரிக்குப் பயப்படாமல் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் ஒருவரும் கிடையாது. பெட்ரோல் ஒரு சொட்டு வீணானாலும் சொந்த ரத்தம் போனமாதிரி துடிப்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

அவர் பட்டறை எங்கள் பனியன் கம்பெனியை ஒட்டி இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்வார். எங்கள் மெஷின்கள் ஓடினால் இன்ஜின் சத்தம் கேட்காது. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின் நிற்கும்வரை காத்திருப்பார். நின்றதும் ஒரு கையில் திருப்புளி, மறு கை காதுக்குப் பின்னால். தெருவில் யாரும் தும்மக்கூடாது. ஒருமுறை எங்கள் முதலாளியே தும்மிவிட்டு, "மன்னிச்சுக்குங்க மேஸ்திரி" என்றார்.

அந்தக் கம்பெனியில் ஓட்டை பனியன் பொறுக்குவது என் உத்தியோகம். என் பழைய மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் கதாநாயகன் என்று நினைப்பு. பார்த்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது இடம் வெள்ளகோவில். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் போக, நான் வண்டியில் பறந்துபோய் இறங்குவதாகத் திட்டம்.

முந்தின நாள் மெஷின் நின்றதும் வண்டியோடு போய் நின்றேன்.

"வேகம் வேணுங்களா, மைலேஜ் வேணுங்களா?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டும் வேணுங்கண்ணா."

"ரெண்டும் குடுக்கற கார்புரேட்டர இன்னும் ஒருத்தனும் செய்யலீங்க தம்பி."

"அப்ப வேகமே வெய்யுங்க. சத்தங் கேட்டே பொண்ணு ஊட்டுக்காரங்க வெளிய வரோணும்."

வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, பெட்ரோல் கூடுதலாகப் பாயும்படி கார்புரேட்டர் ஊசியைத் தூக்கி வைத்தார். "கண்டபடி குடிக்குமுங்க. நானும் கூட வாரேன். என் கை பட்ட வண்டி பாதியில நின்னா எம்பேரு என்னாவறது?"

ஞாயிற்றுக்கிழமை கரும்புகை கக்கிக்கொண்டு பறந்தோம். "குடிக்குது, குடிக்குது" என்று அவர் பின்னாலிருந்து ஒப்பாரி வைத்தார். காங்கேயம் வந்ததும், "பெட்ரோல் போட்டுக்கங்க தம்பி" என்று தோளை உலுக்கினார்.

"நாலரைக்கு ராகு காலமுங்கண்ணா. அதுக்குள்ள போயிரோணும்" என்று இன்னும் முறுக்கினேன்.

வெள்ளகோவில் எல்லையில் வண்டி விக்கியது, இருமியது, நின்றது. தள்ளினோம். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. சத்தம் கேட்டு வெளியே வந்தது பெண் வீட்டு நாய் மட்டும்தான். ராகு காலம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, வண்டியில பெட்ரோல் இருக்குதான்னு பாக்காதவரு குடும்பத்த எப்படிங்க ஓட்டுவாரு?"

பஸ்ஸில் முன்னமே வந்திருந்த என் அம்மா தலைகுனிந்தாள். மூன்றாவது இடமும் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது.

மேஸ்திரி எழுந்தார். "மாப்பளை மேல தப்பில்லீங்க. அவரு மைலேஜ் வெக்கத்தான் சொன்னாருங்க. நாந்தான் கார்புரேட்டர தப்பா வெச்சுப்போட்டனுங்க."

நான் அவரையே பார்த்தேன். இன்ஜின் துண்டு துண்டாகக் கழன்று கிடந்தாலும் தன் கை தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனிதர். கழுத்தெல்லாம் வேர்த்து நின்றார். பெண்ணின் அப்பா மெல்லச் சிரித்து, உள்ளே பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். கல்யாணம் நடந்தது.

பெண் பார்த்து வந்த மறுநாளே, மெஷின் நின்றதும், என்னைக் கேட்காமலே வண்டியை மைலேஜுக்கு மாற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க சொன்னத இங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க தம்பி" என்று கெஞ்சினார்.

அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. இப்போது ஊரறியச் சொல்கிறேன்: சொட்டு மேஸ்திரி தன் வாழ்நாளில் ஒரு கார்புரேட்டரைக்கூடத் தப்பாக வைத்ததில்லை.