இன்னும் ஒரு பிக்கப் பார்த்துவிடலாம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிடவும் மாட்டார்கள். "இன்னும் ஒண்ணு பார்த்துடலாமே" என்பார்கள். பார்ப்பார்கள். பார்த்ததை முன்பு பார்த்ததோடு ஒப்பிடுவார்கள், ஒப்பிட்டதில் ஒரு சந்தேகம் வரும், சந்தேகத்தைத் தீர்க்க மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பார்கள், அதற்குள் முதலாவது எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும். செருப்புக் கடையில் பார்த்திருப்பீர்களே! ஒரு காலில் கறுப்பு, மறு காலில் பழுப்பு, சுற்றிலும் பதினைந்து பெட்டி, எதிரே கொட்டாவி விடும் கடைக்காரர். அவர்களேதான். ஆனால் செருப்பில் தடுமாறுகிறவர்கள் இந்த வகையில் கற்றுக்குட்டிகள். கரை கண்ட ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பிக்கப்.

பிக்கப் என்றதும் சாமான் ஏற்றும் வண்டியை நினைக்க வேண்டாம். அவர் டபுள் பாஸ் வாசிப்பவர். ஒரு வயலின் நன்றாகச் சாப்பிட்டு, ஆளைவிட உயரமாக வளர்ந்து, தொப்பையும் போட்டுவிட்டால் எப்படி இருக்குமோ அதுதான் டபுள் பாஸ். நின்றுகொண்டு, அணைத்தபடி, விரலால் தந்தியைச் சுண்டி வாசிக்க வேண்டும். வீட்டில் தனியாக வாசித்தால் தரை அதிரும். பக்கத்தில் ஒரு பியானோவும் ஒரு டிரம்ஸும் சேர்ந்துவிட்டாலோ, பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, யாரோ ஒருவர் பெரிய மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். அந்தப் பெட்டியின் குரலை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோகும் சின்னஞ்சிறு சாதனம்தான் பிக்கப்.

இதில் பல ஜாதி உண்டு. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். குதிரையின் காலுக்கு அடியில் செருகுவது ஒன்று. அதன் விலாவில் கவ்வ வைப்பது ஒன்று. தந்திகளுக்குக் கீழே காந்தத்தை வைப்பது ஒன்று. இதெல்லாம் எதற்கு என்று ஒரு சின்ன மைக்கையே மாட்டிவிடுவது இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நல்லது உண்டு, ஒரு குறையும் உண்டு. மற்ற பாஸ்காரர்கள் எந்தக் குறை தங்களுக்குப் பரவாயில்லை என்று பார்த்து, ஒன்றை மாட்டிக்கொண்டு, வாசிக்கப் போய்விடுவார்கள். நம்மவர் குறை இல்லாததைத் தேடினார். இரண்டு வருடமாகத் தேடினார்.

பகலில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. இருட்டறையில் வாடிக்கையாளரை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸ் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பார். சிலர் தயங்குவார்கள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சார்."

"அப்ப ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. இதுக்குப் போய் இவ்வளவு யோசிப்பாங்களா?"

இப்படி அதட்டி, ஒரு நாளைக்கு முப்பது பேரை முடிவெடுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் அலமாரி நிறையக் காலியான கண்ணாடிக் கூடுகள். திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிக்கப் படுத்திருக்கும். இரவல் வாங்கியது, மாற்றிக்கொண்டது, திருப்பித் தருவதாகச் சொல்லித் தராதது என்று மொத்தம் பதினொன்று. கூட்டின் மேல் எண். எண்ணுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் குறிப்பு. "எண் 3: நல்ல சத்தம். ஆனால் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு டொக்." "எண் 5, காந்தம்: எந்தக் குறையும் தெரியவில்லை. அதுதான் இடிக்கிறது." "எண் 8, மைக்: மரத்தின் அசல் ஓசை. கூடவே பக்கத்து வீட்டுக் குக்கரின் அசல் ஓசை." "எண் 9: எண் 3-ஐ நினைவூட்டுகிறது. எண் 3-ஐ மறுபடி பார்க்க வேண்டும்."

அதுவரை மேடையில் என்ன மாட்டினார் என்கிறீர்களா? ஒன்றும் மாட்டவில்லை. தப்பானதை மாட்டுவதைவிட மாட்டாமல் இருப்பது மேல் என்பது அவர் கட்சி.

இந்தத் தேடலில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸை அணைத்துக்கொண்டு நிற்பவருக்கு அதன் சத்தம் நெஞ்சு வழியாக ஏறிவிடும். ஒலிபெருக்கியில் என்ன வருகிறது என்பது எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே வேறு யாராவது சுண்ட வேண்டும், அவர் தள்ளி நின்று கேட்க வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவிதான்.

மனைவிக்குப் பேக்கரியில் மாவு பிசையும் வேலை. விடியற்காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். பதினாறு வருடம் மாவு பிசைந்த விரல்கள்; தந்தியைச் சுண்டினால் தந்திதான் பயப்பட வேண்டும்.

"இந்தா, சும்மா இந்த ஒரு தந்தியைச் சுண்டேன்" என்றுதான் முதல் நாள் ஆரம்பித்தார். ஒரு தந்தியை வைத்து முடிவு செய்ய முடியுமா? நான்கு தந்தியும் வேண்டியிருந்தது. வெறும் தந்தி போதுமா? எங்கே அழுத்தினால் எந்தச் சுரம் என்று காட்டிக் கொடுத்தார். தனித்தனிச் சுரம் எதற்கு ஆகும்? பாட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? குழு வழக்கமாக வாசிக்கும் பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மனைவி வாசிக்க, அவர் சமையலறையில் நின்று கேட்டார், மாடிப்படியில் நின்று கேட்டார், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"இது நல்லாத்தானேங்க இருக்கு?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"நல்லா இருக்கறது வேற, சரியா இருக்கறது வேற. நீ மூணாவது பாட்டை இன்னொரு தடவை வாசி."

இப்படியே போயிருக்கும். ஆனால் அவருடைய குழுவுக்குத் தலைவரான பியானோக்காரர் ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கே வந்து, பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். நகர நூலகத்தின் மாடியில் ஓர் அரங்கம். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு அங்கே இசை. வருடம் முழுக்க அந்த வாய்ப்பை இவர்கள் குழுவுக்கே கொடுக்கலாமா என்று அரங்கத்து மேலாளர் இந்த ஞாயிறு வாசிப்பைக் கேட்டு முடிவு செய்யப் போகிறார்.

"அண்ணே, போன தடவை கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'அந்தப் பெரிய பெட்டியை வெச்சிக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரே, அவர் என்ன பண்றாரு?'ன்னு."

பாஸ்காரர் வில்லையைத் துடைத்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை பாஸ் கேக்கணும்ண்ணே. கேக்கலேன்னா வேற ஆள்தான் பாக்கணும். மனசுல வெச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைத்துக்கொள்வது? பன்னிரண்டு வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறார். தெருவில் நாலு பேர் அவரை வாத்தியம் வாசிக்கிறவர் என்று சொல்வது அந்த ஒரு குழுவால்தான். அது போனால் அவர் வில்லை மாற்றுகிறவர், அவ்வளவுதான். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அன்று மத்தியானம் ஒருவருடைய இடக் கண் பவரை வலக் கண்ணுக்கு எழுதிவிட்டு, வாசல்வரை ஓடிப்போய் அவரைத் திருப்பி அழைத்துவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினொன்றை மூன்றாகக் குறைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. மூன்று மணிக்கே அரங்கத்துக்கு வந்து, அந்த மூன்றில் ஒன்றைக் குதிரையில் மாட்டி, வாத்தியத்தை மனைவியிடம் கொடுத்து மேடையில் நிற்க வைத்துவிட்டு, முதல் வரிசைக்குப் போனார். பிறகு ஐந்தாம் வரிசைக்கு. பிறகு பன்னிரண்டாம் வரிசைக்கு.

"இன்னொரு தடவை!"

டிரம்ஸ்காரர், பாஸ்காரருடைய மனைவிக்குத் தம்பி. அவர் குச்சிகளை எடுத்துக்கொண்டே, "மாமா, மணி மூணரை ஆச்சு. வந்து நில்லுங்க" என்றார்.

"இரு மாப்ளே. தனியா கேட்டா ஒண்ணும் புரியாது. பியானோவும் நீயும் அக்காவோட சேர்ந்து வாசிங்க, அப்பத்தான் நிஜமான சத்தம் தெரியும்."

சேர்ந்து வாசித்தார்கள். முதல் பாட்டின் பாதியில் பியானோக்காரர் கையை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குழுவுக்குக் கீழே ஒரு தரை இருந்தது. பன்னிரண்டாம் வரிசையில் பாஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேல் தந்தியில் ஏதோ லேசாகக் கீச்சென்கிறதா இல்லையா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது கதவு திறந்திருந்தது. ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மேலாளர்.

எழுந்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். எழுந்தார். பாதி எழுந்தார். மேடையில் பியானோக்காரர் ஒன்று, இரண்டு என்று தாளத்துக்கு எண்ணி முடித்து ஆரம்பித்துவிட்டார். "சரி, இந்த ஒரு பாட்டு முடியட்டும். ஆள் நிறைஞ்ச பிறகு சத்தம் எப்படின்னு கேட்டுடலாம்" என்று பாஸ்காரர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டு மெதுவானது. மெதுவான பாட்டில் கேட்காமல் ஒரு பிக்கப்பை எப்படித் தீர்மானிப்பது? மூன்றாவது வேகமானது. அதையும் கேட்க வேண்டியதாயிற்று.

"பாஸ் பிரமாதமா கேக்குதே" என்றார் மேலாளர் மெதுவாக. "யாருங்க அந்த அம்மா?"

"பிக்கப்பைச் சொல்றீங்களா?"

"அது என்னன்னு எனக்குத் தெரியாது. வாசிக்கறவங்களைச் சொல்றேன்."

நான்காவது பாட்டில்தான் பாஸ்காரருக்குத் தம் கைகள் மடியில் சும்மா கிடப்பது தெரிந்தது. மனைவி நன்றாக வாசித்தார். அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அரங்கத்தில் யாரும் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர் மேடைக்குப் போய், வருடம் முழுக்க இதே நான்கு மணி, இதே மூன்று பேர் என்று பியானோக்காரரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பாஸ்காரர் பின்னாலேயே வந்தார்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார். "இதுதான் பிக்கப்."

இரண்டு வருடத்தில் அவர் எடுத்த முதல் முடிவு. யாரும் கைதட்டவில்லை.

"அப்ப இனிமே நான் சுண்ட வேண்டாமாங்க?" என்று மனைவி கேட்டார். கேட்டாரே தவிர, பாஸின் கழுத்தைப் பிடித்த கை விடவில்லை. அந்தக் கையைப் பாஸ்காரர் பார்த்தார். பியானோக்காரர் கூரையைப் பார்த்தார். டிரம்ஸ்காரருக்குத் திடீரென்று ஒரு திருகாணியை முடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே," என்றார் பியானோக்காரர், "அண்ணி வாசிக்கட்டுமே. நீங்க அங்கேருந்து கேட்டுச் சொல்றதுதான் எங்களுக்குப் பெரிய பலம்."

பாஸ்காரர் பிக்கப்பின் கம்பியை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். பிறகு மனைவியிடம், "நல்லா வாசிச்சே" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எந்த நோட்டையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் மூன்றரை மணிக்கெல்லாம் வந்து பன்னிரண்டாம் வரிசையில் உட்காருகிறார். ஆசாமி பாவம் என்று நீங்கள் பரிதாபப்படலாம். பரிதாபப்படுவதற்கு முன் ஒரு நிமிடம். மூன்று வருடமாக எந்த மொழி கற்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது என்னவாயிற்று? தொழில் தொடங்க நல்ல பெயர் ஒன்று தேடினீர்களே, கிடைத்ததா? அதுவரை உங்கள் இடம் காலியாக இருக்க வேண்டாம் என்று யாரையாவது அங்கே நிற்க வைத்திருக்கிறீர்களா? நான் அந்த வகை இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். எதற்கும் ஒரு ஞாயிறு வந்து கேளுங்கள். அவர் பக்கத்தில் இடப்புறம் ஒரு நாற்காலி காலி, வலப்புறம் ஒரு நாற்காலி காலி. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பாஸ் நன்றாகக் கேட்கும் என்றுதானே இப்போது யோசிக்கிறீர்கள்?