கோட்டுப் போட்ட மருந்தும் நனோ சேரும்

நனோ சேரிடம் சிக்காமல் தப்பியவர் என்று ஊவா மாகாணத்தில் ஒருவரும் இருக்க முடியாது. அப்புத்தளை ஸ்டேசனில் கடலை விற்பவர், மொனராகலை பஸ் கண்டக்டர், எங்கள் வீட்டுக்கு மீட்டர் வாசிக்க வருபவர் என்று எல்லோருமே அவரிடம் பாடம் கேட்டவர்கள். யாரும் விரும்பிக் கேட்டதில்லை.

பதுளையில் நாங்கள் நாலைந்து பேர் ஒரே போர்டிங்கில் இருந்தோம். எனக்குத் தபால் கந்தோரில் வேலை. சேர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தார். புற்றுநோய் மருந்தைச் சுமந்து செல்லும் நனோ நுண்துணிக்கைகளை ஆராய்ந்து முதுமாணிப் பட்டம் வாங்கியவர்; பெயர் அப்படி வந்தது. பட்டம் கிடைத்த பிறகும் ஆராய்ச்சி அவரை விடவில்லை. அவர் எங்களை விடவில்லை.

ஒருநாள் நல்ல வெயில். மனிதர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

“இப்ப நான்தான் மருந்து. இந்தக் கோட்டுத்தான் பொலிமர். நீங்கள் எல்லாரும் இரத்தத்திலை காவல் நிக்கிற கலங்கள். கோட்டு இல்லாட்டி கண்ட உடனை என்னைப் பிடிச்சு விழுங்கிப் போடுவியள். கோட்டுப் போட்டா அடையாளம் தெரியாது. கட்டி இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் கழட்டுவன். விளங்குதோ?”

“விளங்குது சேர். அந்தப் பருப்ப இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றேன்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவரை ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். முருகனில் தொடங்கியவர் மூன்றாவது வாக்கியத்தில் பொலிமருக்குத் தாவிவிட்டார். பொங்கல் ஆறிக் கல்லானதும் மைக்செட்காரர் வயரைப் பிடுங்கினார். சேர் மைக் இல்லாமலே தொடர்ந்தார். முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

அவர் பேச்சை ஆசையாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். எங்களுக்குச் சமைத்துப் போட்ட செல்லம்மாக்கா. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தேங்காய் துருவிக்கொண்டே, “அப்புறம் சேர்? அது கட்டிக்குள்ள எப்படிங்க போகும்?” என்று கேட்பார். பாவம், மரியாதைக்குக் கேட்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் மார்பில் கட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள், அடுத்தது கீமோ என்றார்கள். அந்தத் தேதிக்கு அக்கா கிளினிக்கில் இல்லை. எங்கள் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கோட்டுப் போட்ட மருந்துதான் வேணும். மத்த மருந்து ஒடம்பு பூராவும் அடிக்கும்னு சேர்தானே சொன்னாரு? அது வரட்டும், அப்புறம் போறேன்.”

அதைக் கேட்டதும் சேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் டொக்டரைப் பார்க்க ஓடினார். திரும்பி வந்து குசினி வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அக்கா, நான் சொன்னது பொய்யில்லை. ஆனா முழுக்கச் சொல்லேல்லை. கோட்டுப் போட்ட மருந்திலை ஒண்டு ரெண்டு இருக்குதுதான். உங்கடை வருத்தத்துக்கு அது இல்லையாம். என்ரை துணிக்கை இன்னும் ஒரு எலியைக்கூடக் காணேல்லை. கண்ணாடிக் குழாயை விட்டு வெளியிலை வந்ததேயில்லை. டொக்டர் தாறது முரட்டு மருந்துதான். ஆனா அது வேலை செய்யும். அதுக்காகக் காத்திருந்து இதை விட்டிடாதேங்கோ.”

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கியதற்கு வெங்காயம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்புவதாகக் காட்டிக்கொண்டோம்.

“நீங்க கூட வருவீங்களா சேர்?”

“வருவன்.”

“வந்து பேசாம இருப்பீங்களா?”

கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினார். தன் ஆயுளிலேயே அதைவிடப் பெரிய வாக்கு அவர் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டு அக்காவோடு கீமோவுக்குப் போனார். அக்கா வாந்தி எடுத்தபோது பேசின் பிடித்தார். முடி கொட்டியபோது தலையில் கட்டத் துணி வாங்கி வந்தார். வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் அவரை ஊமை என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் கைச்சாடையில் அவரிடம் ஏதோ கேட்டதை நானே கண்டேன். அவரும் கைச்சாடையிலேயே பதில் சொன்னார்.

கடைசி மருந்து ஏற்றிய அன்று நான் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கோடு போயிருந்தேன். அக்கா மெல்லக் கண் திறந்தார்.

“சேர், போதும். பேசுங்க. அந்தக் கோட்டுக் கதையச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸ் அப்படியே திகைத்து நின்றுவிட்டார். கதையில் மருந்து ஈரலைத் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிப் போனார். சேர் நிறுத்தவில்லை. குரலை இன்னும் தாழ்த்தி, சேலைன் போத்தல் காலியாகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார். நானும் முழுதாகக் கேட்டேன்.

செல்லம்மாக்கா தேறி, மறுபடி எங்களுக்குச் சமைக்கிறார். முடி சுருட்டையாக வளர்ந்திருக்கிறது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சேருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இப்போது சாப்பாட்டு மேசையில் பூரண அமைதி. எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.