முதலாளியே கேட்டாலும் சொல்லக்கூடாத பாஸ்வேர்டு

கருமத்தம்பட்டி,
4.8.1997

அந்தியூர் பாலுசாமி மாமா அவர்களுக்கு,

தங்கை மகன் தமிழ்ச்செல்வன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அத்தையும் பிள்ளைகளும் நலமா என்று அம்மா கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். படித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எனக்குச் சின்னம்மை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த வேலை இந்த வெள்ளிக்கிழமையோடு போய்விடும் போலிருக்கிறது. எங்கள் கம்பெனியின் புது பம்ப் வரைபடம் முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. எதிர்க் கம்பெனிக்காரன் பார்த்துவிடுவான் என்று முதலாளி சென்னகேசவன் ஐயா பயந்ததால், ஜூன் மாதம் நான்தான் அதற்குப் பாஸ்வேர்டு போட்டேன். "இனி ஒரு ஆள் உள்ள நுழைய முடியாதுங்க" என்றேன். டிப்ளமோ படித்த வாய். அவர் அதோடு விட்டாரா? "எனக்குத் தெரிஞ்சா நானே நாலு பேர்த்துகிட்ட ஒளறிப்போடுவேன். எனக்கும் வேண்டாங்க" என்று மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரத்தைக் கொளுத்தி, "நானே வந்து கேட்டாலுஞ் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணி அணைங்க தம்பி" என்றார். சீக்கிரம் வேலை முடிந்தால் போதும் என்று அணைத்துத் தொலைத்தேன்.

போன வியாழக்கிழமை உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் வெளியே போகக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது. வருகிற வெள்ளிக்கிழமையோ புனேயிலிருந்து பம்ப் வாங்க ஆட்கள் வருகிறார்கள். வரைபடம் காட்டாவிட்டால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாவிட்டால் நான் இல்லை. பிரிண்ட் எடுத்து வைக்கவில்லையா என்பீர்கள். எடுத்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்று தடுத்ததும் ஐயாதான்.

சனிக்கிழமை வாட்ச்மேன் கருப்புசாமி அண்ணன் வந்து, தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "ஏனுங் தம்பி, மொதலாளி அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க!" என்று கத்துகிறார். எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். சரி, எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்தால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுனா மட்டும் சொன்னதாகாதா? ஆத்தா நம்மூட்டுக்குள்ளயே வந்து உக்காந்திருக்கறா. அவகிட்டப் பண்ணுன சத்தியத்தை அவ கண்ணு முன்னாலயே முறிப்பியா கண்ணு?"

"அம்மா, இது கிருமிம்மா."

"வாயை மூடு. அதைச் சொன்னதுக்குத்தான் மூஞ்சியில நாலு சேர்த்துப் போட்டிருக்கறா."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஜன்னலுக்குப் போய் முதல் எழுத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேலுதட்டில் ஒன்று உடைந்தது. மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணிமையில் புதிதாக ஒன்று. அதோடு இன்னொரு சந்தேகமும் தூங்கவிடவில்லை: ஐயா என்னைச் சோதிக்கிறாரோ? சொன்னால் சத்தியம் மீறினவன் என்று அனுப்புவார், சொல்லாவிட்டால் ஆர்டரைக் கெடுத்தவன் என்று அனுப்புவார். எப்படி அனுப்பினாலும் காபி கொடுத்து, வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் அனுப்புவார். அதைத்தான் தாங்க முடியாது மாமா.

நீங்கள் கடிதம் கண்டதும் பஸ் ஏறுங்கள். ஐயாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், என் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு என்ன முறையோ நமக்குத் தெரியாது, பூசாரியைக் கேளுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளை இந்தப் பக்கமே அனுப்ப வேண்டாம். அதுதான் அவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கருப்புசாமி அண்ணன் மறுபடி வந்து கத்தினார். கம்ப்யூட்டர் திறந்துவிட்டதாம். லீவு முடிந்து இன்று வந்த டைப்பிஸ்ட் அன்புக்கரசி அக்கா, பாஸ்வேர்டு கேட்கும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டினாராம், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்தில் ஜூனிலிருந்தே அப்படித்தான் திறந்து லெட்டர் அடிக்கிறாராம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ஐயா கேட்டதற்கு, "பாஸ்வேர்டை யாருங் கேக்கக்கூடாதுன்னீங்க. நான் கேக்கவே இல்லீங்களே" என்றாராம். ஐயா கோபமே படவில்லையாம். "தம்பி நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுங்க. தண்ணி ஊத்துனதும் நேரா என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நீங்கள் பஸ் ஏற வேண்டாம் மாமா. அம்மா வியாழக்கிழமையே தண்ணீர் ஊற்றிவிடலாம் என்கிறார். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். கொப்புளமெல்லாம் மளமளவென்று காய்கிறது. பயமாக இருக்கிறது.