ஸமோ என்ற ஒரு சொல்லால் வந்த வினை

பான் தாகாய் கிராமம்,
மீகோங் ஆற்றின் தாய்லாந்துக் கரை.
பிக்குகள் மழைக்காலத் தவத்தில் அமர்ந்து ஒன்பதாம் நாள், புதன்கிழமை.

லாவோஸ் நாட்டுக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் திரு. விட்டயா அவர்களுக்கு, உன் அம்மாச்சி தோங்மி எழுதிக்கொள்வது.

"அவர்களுக்கு" என்று போட்டது உறையை வாங்கி முத்திரை குத்தும் தபால் ஆபீஸ்காரர் இது யாருக்குப் போகிற கடிதம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. உள்ளே நீ கோப்தான். நீ பிறந்த அன்று பெய்த மழையில் வீட்டைச் சுற்றித் தவளைகள் கத்திய கத்தலைக் கேட்டு "தவளை" என்று நான் வைத்த பெயர், எத்தனை நாட்டுக்குப் பயிற்சியாளர் ஆனாலும் அது மாறாது. இங்கே நான், நம் நாய் ஆஃப்சைட், ஆறு ஆகிய மூவரும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். அங்கே நீ இருந்த இடத்திலேயே இருக்கிறாயா என்று அறிய ஆசை, ஏனென்றால் பேப்பரில் வேறு மாதிரி போட்டிருக்கிறது.

அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தது கடைக்கார லாம்பாய்தான், வேறு யார்? நல்ல சேதி என்றால் அவளுக்குக் கால் வலிக்கும், கெட்ட சேதி என்றால் ஓடி வருவாள். வாசலில் நின்றே, "அக்கா, உன் பேரன் கதை கந்தலாப் போச்சு போலிருக்கே! ஏழு ஆட்டம் ஆடி ஏழும் ஸமோவாம். சனிக்கிழமை கம்போடியாவ ஜெயிச்சா இன்னும் ரெண்டு வருஷம் வேலையாம், ஜெயிக்கலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போன்னுடுவாங்களாம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அந்த வார்த்தை நன்றாகவே படிக்க வந்தது. ஸமோ. நம் பேச்சில் அந்த ஒரே வார்த்தைக்கு "எப்போதும்" என்றும் அர்த்தம், "சரிசமம், யாருக்கும் ஜெயமில்லை" என்றும் அர்த்தம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான். உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கோப், அந்த ஏழுக்கும் காரணம் நான்தான்.

பொறு, கடிதத்தைக் கசக்காதே. நம் ஆற்றங்கரை மண்டபத்துக் காவல் தெய்வம், அந்தத் தாத்தாவின் குணம் உனக்குத் தெரியுமே. அவர் நாம் சொன்னதைச் செய்வார், நினைத்ததைச் செய்ய மாட்டார். நீ முதன்முதலாக நம் நாட்டு அணிச் சட்டை போட்டு ஆடப் போன வாரம் நான் அவரிடம் போய், "என் பேரன் பெயரை நாடே சொல்லணும்" என்று வேண்டிக்கொண்டேன். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் நீ பந்தை நம் வலைக்குள்ளேயே தட்டிவிட்டாய். மூன்று நாள் நாடே உன் பெயரைச் சொன்னது, ரேடியோவிலும் சொன்னார்கள், என்ன அடைமொழியோடு சொன்னார்கள் என்பது வேறு விஷயம். வாக்கு வாக்குதானே, நேர்ந்தபடி ஐம்பது முட்டை அவித்துக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு பாங்காக் கிளப்பில் நீ ஆடும்போது, டிவியில் உன் கழுத்தெலும்பு தெரிவதைப் பார்த்து வயிறு எரிந்து, "ஓடி ஓடி இளைச்சுட்டான், பிள்ளை கொஞ்ச நாள் உக்காரட்டும்" என்று சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் உன் முட்டி போயிற்று. டாக்டர், மழை, விதி என்று நீ யார் யாரையோ காரணம் சொன்னாய், நான் வாயைத் திறக்கவில்லை. பத்து மாதம் உட்கார்ந்திருந்தாய், அதுவும் இந்த வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், என் சோற்றுக் கூடைக்குக் கை எட்டுகிற தூரத்தில். ஆடுகிற பிழைப்பு போய் ஆட்டுவிக்கிற பிழைப்புக்குப் படிக்கப் போகிறேன் என்று நீ முடிவெடுத்ததும் அங்கேதான். அந்தப் பத்து மாதமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் பாவம் வரும், அதனால் எழுதவில்லை.

இப்போது ஸமோ விஷயத்துக்கு வருகிறேன். எதிர்க்கரைக்கு நீ வேலைக்குப் போன முதல் வருஷம் வரிசையாகத் தோற்றாய். "உன் பேரன் இந்தக் கரையிலேர்ந்து உளவு பார்க்கப் போனவன் அக்கா, வேணும்னே தோக்குறான்" என்று லாம்பாய் ஒரு நாள் சொல்ல, நான் இரண்டு வாரம் அவள் கடையில் உப்புக்கூட வாங்கவில்லை. போன வருஷம் அறுவடை முடிந்ததும் புதுக் கைலி கட்டிக்கொண்டு காவல் தாத்தாவிடம் போனேன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று வார்த்தையை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். "என் பேரனோட அணி ஸமோ ஜெயிச்சுக்கிட்டே இருக்கணும்." அவ்வளவுதான், தப்பே வராது. ஊதுபத்தியை ஏற்றி, "என் பேரனோட அணி ஸமோ" என்ற வரைக்கும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி அலறியது. ஊர்த் தலைவர் குரல்: "பொதுமக்கள் கவனத்துக்கு! கொசு மருந்து அடிக்க வண்டி வந்துடுச்சு! திறந்து கிடக்கிற ஜாடி, பானை எல்லாத்தையும் மூடி வைங்க! அப்புறம் என்னைய வந்து கேக்காதீங்க!" வீட்டில் என் பாடேக் மீன் ஜாடியை வெயிலில் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆறு மாதம் ஊறிய மீன். "ஆட்டத்துக்கு முப்பது முட்டை" என்று மட்டும் கத்திவிட்டு ஓடினேன். மீதி வார்த்தை அந்த ஜாடிக்குள் போய்விட்டது, கோப்.

அப்புறம் நீ தோற்கவே இல்லையே, அதனால் தாத்தா வேலையைத் தொடங்கிவிட்டார் என்று நானும் ஆட்டம் தவறாமல் முப்பது முட்டை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் வந்த அன்றுதான் சந்தேகப்பட்டு மண்டபத்துப் பூசாரி சியாங் மூனிடம் போனேன். அவர் ஏழாவது ஆட்டத்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, நீ என்னன்னு வேண்டிக்கிட்டே? வார்த்தைய அப்படியே சொல்லு."

"என் பேரனோட அணி ஸமோ."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் கொசு மருந்து."

முட்டை அவர் கையிலிருந்து உருண்டு போனது. "அட, போ பெரியம்மா! தாத்தா ஏழு ஆட்டமா வேர்த்து விறுவிறுத்து உழைச்சிருக்காரு. எதிராளி கோல் போட்டா உம் பேரனுக்கு ஒண்ணு குடுக்கணும், உம் பேரன் போட்டா எதிராளிக்கு ஒண்ணு குடுக்கணும். ஜெயிக்க வைக்கிறது கூட லேசு, இது லேசுப்பட்ட வேலையா? வயசானவரப் போட்டு இப்படியா வாட்டுறது!"

லாம்பாயும் கூடவே வந்திருந்தாள். "ஏக்கா, கடைசி நிமிஷத்துல பந்து கம்பத்துல பட்டுத் திரும்புச்சே, அதுவும் நீதானா?"

"நானேதான்."

"எதிர்க்கரைக்காரனுக்குத் தெரிஞ்சுது, படகு கட்டிக்கிட்டு வந்து உன்னய ஆத்துல முக்குவான், பாத்துக்கோ."

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ வாங்கிக் கொடுத்த போனில் நான் உன் முகத்தைப் பார்க்கிறேன், நீ என் காதைத்தான் பார்க்கிறாயாம். "அம்மாச்சி, போனத் தள்ளிப் பிடி, காதுதான் தெரியுது" என்பாய், தள்ளிப் பிடித்ததும் "மீட்டிங் இருக்கு அம்மாச்சி" என்பாய். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இரண்டு நிமிஷம் போதாது. லாம்பாய் கடை டிவியில்தான் உன்னைச் சரியாகப் பார்க்கிறேன். ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை. கோட்டுக்கு வெளியே நீ நின்று கை வீசுவதை எப்போதாவது காட்டுவார்கள், அதற்காகக் காத்திருப்பேன். ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேள்வி கேட்பார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. அதில்தான் நீ நேரே என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய், அதுவும் இருபது நிமிஷம். அந்த நிருபர்கள் ஒரு கேள்வியாவது உருப்படியாகக் கேட்கிறார்களா? "நடுவரிசை ஏன் பலவீனம்" என்கிறான் ஒருவன். முட்டி வலிக்கிறதா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நான் இங்கிருந்து கேட்கிறேன், "முட்டி எப்படிடா இருக்கு?" என்று. போன தடவை நான் கேட்டு முடித்த அதே நேரம் நீ, "இன்னும் கொஞ்சம் நாள் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று யாருக்கோ பதில் சொன்னாய். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் உட்கார்ந்தால் நீ வேலை பார்க்கிற நாடு எனக்குத் தெரிகிறது. அங்கே துணி காயப்போடுவது தெரிகிறது, மாட்டை ஓட்டுவது தெரிகிறது, வெயில் நேரத்தில் யாரோ குளிப்பது கூடத் தெரிகிறது. நீ தெரியவில்லை. பஸ்ஸில் ஒரு பகல் தூரம் என்கிறார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவை வந்தாய், அதுவும் டிவிக்காரர்களோடு. "சின்ன வயசில் ஆடிய வயலில் பந்தை ஒரு தடவை உதைங்க" என்றான் ஒருவன், நீ உதைத்தாய், என் மிளகாய்ச் செடி நாலு சாய்ந்தது, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டாய். அந்த நாலையும் குச்சி கட்டி நிறுத்தியிருக்கிறேன். மூன்று பிழைத்துவிட்டது.

இதைக் குறையாக எழுதவில்லை. எனக்கு என்ன குறை? உன் அம்மா தைவானில் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள், புது வருஷத்துக்குப் பேசினாள். ஒட்டரிசிச் சோறு இன்னும் இரண்டு பேருக்குத்தான் வேகவைக்கிறேன், குறைத்து வேகவைத்தால் கூடையில் சரியாக வேகமாட்டேன் என்கிறது, மீதியை ஆஃப்சைட் சாப்பிடுகிறான். நீ வைத்த பெயர் பொய்யில்லை, எப்போதும் நிற்கக்கூடாத இடத்தில்தான் நிற்கிறான், இப்போது உன் கட்டிலில். மழை பிடித்ததிலிருந்து லாம்பாய் தவளை சுட்டு விற்கிறாள். நீ பிறந்ததிலிருந்து நான் தவளை தின்பதில்லை என்று தெரிந்தே, "வாக்கா, உம் பேரன நல்லா மொறுமொறுன்னு சுட்டு வெச்சிருக்கேன்" என்று தினமும் கூப்பிடுகிறாள். கூப்பிடவாவது ஒருத்தி இருக்கிறாளே.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கப் பன்றித் தலை வேண்டும் என்று சியாங் மூன் சொல்லியிருக்கிறார். நாளை வியாழக்கிழமை காலையில் பன்றித் தலையோடு போய், தலைவரிடம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜாடியெல்லாம் மூடிவிட்டு, தாத்தாவின் காதில் விழுகிற மாதிரி "ஜெயிக்கணும்" என்ற ஒரே வார்த்தையை மட்டும் சொல்லப் போகிறேன். முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம். சனிக்கிழமை நீ ஜெயிப்பாய், இரண்டு வருஷம் அங்கேயே இருப்பாய். இந்தக் கரையில் வேறு எவள் பேரன் ஒரு நாட்டுக்கே பந்து ஆடச் சொல்லித் தருகிறான்? என்னைப் பற்றிக் கவலைப்படாதே, வரவும் வேண்டாம். நீ பெரிய வேலையில் இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்வதே எனக்குத் துணை.

இதோடு வெள்ளை நூல் ஒன்று வைத்திருக்கிறேன். வயதில் மூத்தவர் யாரையாவது வலது மணிக்கட்டில் கட்டிவிடச் சொல், மூன்று நாள் கழற்றாதே. ஒரு உடம்புக்கு முப்பத்திரண்டு உயிர் என்பார்கள், மைதானம் மைதானமாக அலைந்ததில் உன் முப்பத்திரண்டும் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறதோ, நீ தங்கிய கோன் கென் விடுதியில் ஒன்று, பாங்காக் ஆஸ்பத்திரியில் ஒன்று, கம்பத்தில் பட்ட பந்தோடு ஒன்று, அத்தனையையும் வா வா என்று கூப்பிட்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன். நோயில்லாமல், பகையில்லாமல், பிள்ளை குட்டியோடு (முதலில் கலியாணத்தோடு) நூறு வயசு இரு. கோல் காக்கிற பையனிடமும், வலது பக்கம் ஓடுகிற அந்த ஒல்லிப் பிள்ளையிடமும் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன் என்று சொல்.

உன் அம்மாச்சி,
தோங்மி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். காலையில் போனேன். பன்றித் தலை நல்ல தலையாகவே கிடைத்தது. ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை, ஆறு கூடச் சத்தம் போடவில்லை. சியாங் மூன் ஊதுபத்தியைக் கையில் கொடுத்து, "பழச வாபஸ் வாங்கியாச்சு. இப்ப புதுசச் சொல்லு பெரியம்மா, தெளிவாச் சொல்லு" என்றார். தெளிவாகத்தான் சொன்னேன். இருமவில்லை, தடுமாறவில்லை. "என் பேரனோட அணி ஸமோ" என்றேன். சியாங் மூன் என்னையே பார்த்தார். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. இரண்டிலும்தான். பன்றித் தலையை அவர் வைத்துக்கொண்டார், யாரிடமும் சொல்ல மாட்டார்.

உன் கொசுவலையைத் துவைத்துப் போட்டுவிட்டேன். ஆஃப்சைடைக் கட்டிலிலிருந்து இறக்கியாயிற்று. இந்தக் கடிதம் அங்கே போய்ச் சேரப் பத்து நாள் ஆகுமாம், ஆள் இல்லையென்றால் திருப்பி அனுப்ப இன்னும் பத்து நாளாம். தபால்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவரும்போது நான் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருப்பேன். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கி வை.